திரையில் புள்ளிகள் கூடினால் லேப்டாப் ஏன் திணறுகிறது?

லேப்டாப் வாங்கப் போகும் எவருக்கும் இரண்டு அறிவுரைகள் வந்து சேரும். "4கே திரை வேண்டாம், மெஷின் ஸ்லோ ஆகிவிடும்" என்பார் ஒருவர். "தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் எந்தத் திரையும் ஓடும்" என்பார் இன்னொருவர். வாங்கி வந்த பிறகு மூன்றாவது அறிவுரை வரும்: "எழுத்து சின்னதாகத் தெரிகிறதா? ரெசல்யூஷனைக் குறைத்துவிடு, வேகமும் கூடும்."

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இவற்றை அப்படியே நம்புகிறவர்கள் நல்ல திரைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை மங்கலாக்கிப் பயன்படுத்துகிறார்கள். திணறலோ பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் அது வருவது திரையின் கூர்மையிலிருந்து மட்டும் அல்ல. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் கணினி நொடிக்கு எத்தனை தடவை தொட வேண்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த எண்ணிக்கையைக் கூர்மையை இழக்காமலே குறைக்க முடியும். அதற்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே அகலத் துணி, இரு மடங்கு இழை

கைத்தறியில் நெய்த இரண்டு துணிகளை எடுத்துக்கொள்வோம். அகலமும் நீளமும் ஒன்றுதான். முதல் துணியில் பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 40 இழை, இரண்டாவதில் 80. இழைகள் கூடியது இரண்டு மடங்கு. பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்களோ ஒரு சதுர அங்குலத்தில் 1,600-இலிருந்து 6,400 ஆகிவிட்டன. நான்கு மடங்கு. இரண்டாவது துணியில் மாங்காய்ப் புட்டாவின் வளைவு வழுக்கிக்கொண்டு வரும். முதல் துணியில் அதே வளைவைக் கிட்டத்தில் பார்த்தால் படிக்கட்டு தெரியும்.

லேப்டாப் திரையும் இப்படி ஒரு கட்டம்தான். ஒரு குறுக்கு வரிசையும் ஒரு நெடுக்கு வரிசையும் சந்திக்கும் இடத்தில் உள்ள ஒளிப்புள்ளிக்கு பிக்சல் என்று பெயர். குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று சொல்வது ரெசல்யூஷன்.

விலை குறைந்த 15.6 அங்குல லேப்டாப்களில் பல ஆண்டுகள் நிலைத்திருந்தது 1366×768. பெருக்கினால் சுமார் 10.5 லட்சம் பிக்சல். 'ஃபுல் எச்டி' எனப்படும் 1920×1080-இல் 20.7 லட்சம். இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கும் 2560×1600-இல் 41 லட்சம். 3840×2160, அதாவது 4கே, கிட்டத்தட்ட 83 லட்சம். பெயர்களை மட்டும் கேட்டால் ஃபுல் எச்டியிலிருந்து 4கே ஒரு படி மேலே இருப்பதுபோல் தோன்றும். வேலை நான்கு மடங்கு. பழைய 1366×768 திரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எட்டு மடங்கு.

ரெசல்யூஷன் மட்டும் தெரிந்தால் கூர்மை தெரிந்துவிடாது. 27 அங்குல மானிட்டரிலும் 14 அங்குல லேப்டாப்பிலும் ஒரே ரெசல்யூஷன் இருக்கலாம். அதனால் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்று பார்ப்பார்கள். இதுதான் பிபிஐ. துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கேட்பதும் இதுவும் ஒன்றே. 15.6 அங்குலத்தில் 1366×768 என்றால் சுமார் 100 பிபிஐ. ஃபுல் எச்டி என்றால் 141. 4கே என்றால் 282.

கண்ணுக்கு எவ்வளவு போதும்?

கண் மருத்துவர் '6/6' என்று எழுதிக் கொடுக்கும் பார்வைக்கு ஓர் அளவு உண்டு. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் கோணத்தில் இரண்டு புள்ளிகள் தள்ளி இருந்தால் அந்தக் கண்ணால் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியும். லேப்டாப்பை நாம் அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்று கொள்வோம். அந்தத் தூரத்தில் இந்தக் கோணம் 0.145 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு மாற்றினால் சுமார் 175 பிக்சல்.

இது கோடு கிழித்தாற்போன்ற எல்லை அல்ல. சாய்ந்த கோடுகளில் உள்ள படிக்கட்டைக் கண் இதைவிட நுட்பமாகவே பிடித்துவிடும். ஆனாலும் கணக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. 141 பிபிஐ திரையிலிருந்து 200-ஐ ஒட்டிய திரைக்கு மாறும்போது எவருக்கும் வித்தியாசம் தெரியும். 216-இலிருந்து 282-க்கு மாறும்போது தேடித்தான் பார்க்க வேண்டும். 14 அங்குலத்தில் 2560×1600 என்பது இந்த 216. என்னைக் கேட்டால் லேப்டாப்புக்கு அதுவே நல்ல நிறைவான இடம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் கண்ணுக்குக் கொஞ்சமும் கிராஃபிக்ஸ் சிப்பின் சுமைக்கு நிறையவும் போகிறது.

தமிழில் வாசிப்பவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும் என்பது என் எண்ணம். ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடும் ஓரிரு வளைவும்தான். நம்முடைய 'ணை', 'னூ', 'ஞ்', 'ஜூ' எல்லாம் சிறு இடத்துக்குள் பல சுழிகளை அடக்குபவை. 100 பிபிஐ திரையில் சிறிய எழுத்தளவில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகக் குழைவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அடர்த்தியான திரையை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நாள் முழுக்கத் தமிழ் படிப்பவருக்கு, எழுதுபவருக்கு, மெய்ப்புத் திருத்துபவருக்கு அது கண்ணுக்கு ஓய்வு.

புட்டா ஏன் சிறுத்துப்போகிறது?

மறுபடி தறிக்கு வருவோம். 40 இழை அகலத்துக்கு வரைந்த புட்டா ஒன்று இருக்கிறது. முதல் துணியில் அது ஓர் அங்குலம் வரும். அதே வரைபடத்தை மாற்றாமல் 80 இழைத் துணியில் நெய்தால் அரை அங்குலமாகிவிடும். ஓர் அங்குலமே வேண்டும் என்றால் 80 இழை அகலத்துக்குப் புதிதாக வரைய வேண்டும். அப்படி வரைந்தால் அளவு மாறாது, வளைவுகள் மட்டும் நேர்த்தியாகும்.

கணினியில் இந்த மறுவரைவுக்குப் பெயர் ஸ்கேலிங். விண்டோஸில் 100%, 125%, 150%, 200% என்று பார்க்கிறோமே, அதுதான். விண்டோஸ் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற பழைய கணக்கை 100% என்று வைத்துக்கொள்கிறது. திரை அதைவிட அடர்த்தி என்றால் பொத்தான், எழுத்து, சின்னம் எல்லாவற்றையும் அதற்கேற்பப் பெரிதாக வரையச் சொல்கிறது.

இங்கேதான் முதல் பெரிய குழப்பம். 4கே திரையில் 200% ஸ்கேலிங் வைத்தால் எல்லாம் ஃபுல் எச்டி அளவில் தெரியும். "அப்படியானால் கணினி ஃபுல் எச்டி அளவுக்குத்தானே உழைக்கிறது?" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அளவுதான் ஃபுல் எச்டி. வரையப்படும் பிக்சல் 83 லட்சமும் அப்படியே. ஸ்கேலிங் வேலையைக் குறைப்பதில்லை.

ரெசல்யூஷனைக் குறைப்பது வேறு விஷயம். அப்போது கணினி உண்மையிலேயே குறைந்த பிக்சலில் படத்தை முடித்துவிடும். அந்தச் சிறிய படத்தைத் திரையின் அளவுக்கு இழுத்து விரிக்கும்போது எழுத்தின் ஓரங்கள் பிசிறும். 4கே-யில் ஃபுல் எச்டி வைத்தால் ஒரு பிக்சலுக்குச் சரியாக நான்கு பிக்சல் என்று பொருந்த வேண்டும்தான். ஆனால் இழுத்து விரிக்கும் வழக்கமான முறை பக்கத்துப் பிக்சல்களைக் கலந்துவிடுவதால் அங்கும் மங்கலே மிஞ்சும்.

ஸ்கேலிங் சரியாக இருந்தும் சில பழைய மென்பொருள்கள் மட்டும் மங்கலாகத் தெரிவதும் உண்டு. பெரிதாக வரையச் சொல்லும் கட்டளை அவற்றுக்குப் புரியாது. அவை 96 பிபிஐ என்றே நினைத்துச் சின்னதாக வரைந்து கொடுக்கும். விண்டோஸ் அந்தப் படத்தை வாங்கி, இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். கோளாறு திரையிலும் இல்லை, கிராஃபிக்ஸிலும் இல்லை. அந்த மென்பொருளின் ஐகானில் வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' என்று போனால் அங்கே உயர் டிபிஐ (பிபிஐக்கு விண்டோஸ் வைத்திருக்கும் பெயர்) அமைப்பு இருக்கும். பல நேரம் அதை மாற்றினாலே போதும்.

இதுவரை பார்த்ததைக் கையில் பிடித்துக்கொள்வோம். ரெசல்யூஷன் என்பது எத்தனை பிக்சல் வரைகிறோம் என்பது. ஸ்கேலிங் என்பது ஒரு பொத்தானுக்கு அதில் எத்தனை பிக்சல் ஒதுக்குகிறோம் என்பது. எழுத்து சிறிதாக இருந்தால் மாற்ற வேண்டியது இரண்டாவதை.

ஒன்றரை இழை என்று ஒன்று கிடையாது

40 இழைப் புட்டாவை 80 இழைக்கு மாற்றுவது எளிது. ஒரு இழைக் கோடு இரண்டு இழையாகும், அவ்வளவுதான். துணி 60 இழை என்றால்? ஒரு இழைக் கோடு ஒன்றரை இழை ஆக வேண்டும். ஒன்றரை இழையை எந்தத் தறியிலும் ஓட்ட முடியாது. ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் இரண்டு என்று பங்கிட வேண்டும்.

திரையில் 125%, 150%, 175% வைக்கும்போது இதே சிக்கல். இதை பின்ன ஸ்கேலிங் என்போம். இந்தச் சிக்கலை விண்டோஸும் மேக்கும் நேரெதிர் வழிகளில் தீர்க்கின்றன. வேகத்தில் வரும் வித்தியாசத்துக்கு இது பெரிய காரணம். கடைகளில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

விண்டோஸ் நெசவாளரைப் போலவே செய்கிறது. 150% என்றால் மென்பொருளையே அந்த அளவுக்கு வரையச் சொல்லும். அரைப் பிக்சல் வரும் இடங்களில் மென்பொருள் முழு எண்ணாக்கிக்கொள்ளும். அதனால் சில மெல்லிய கோடுகள் ஒரு பிக்சலாகவும் சில இரண்டாகவும் வரும். கூர்ந்து பார்த்தால் சற்றே ஒழுங்கு குறையும். ஆனால் திரையில் உள்ள பிக்சலுக்கு மேல் ஒரு பிக்சல்கூட அதிகம் வரைவதில்லை.

மேக்கின் வழி வேறு. ஜூன் 2012-இல் ஆப்பிள் 15 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோவை வெளியிட்டது. 2880×1800, 220 பிபிஐ. லேப்டாப் உலகம் அடர்த்தியான திரைக்குத் திரும்பியது அந்தக் கருவியால்தான் என்று சொல்லலாம். அதன் இயல்பு அமைப்பு '1440×900 போலத் தெரியும்' என்பது. சரியாக இரண்டு மடங்கு, பங்கீட்டுச் சிக்கலே இல்லை. ஆனால் திரையில் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று '1680×1050 போல' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேக் பின்னத்தில் வரைவதில்லை. 1680×1050-ஐ இரு மடங்காக்கி, 3360×2100 அளவுள்ள பெரிய படத்தை மறைவில் வரைகிறது. பிறகு அதைச் சுருக்கி 2880×1800 திரையில் பொருத்துகிறது.

எண்களைப் பாருங்கள். திரையில் இருப்பது 52 லட்சம் பிக்சல். வரைவது 70.5 லட்சம். '1920×1200 போல' என்று வைத்தால் 3840×2400, அதாவது 92 லட்சம். திரையில் இருப்பதைவிட முக்கால் பங்குக்கும் மேல் அதிகம். அதன் பின் சுருக்கும் வேலை தனி. அன்றைய இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கு இது பெரும் பாரம். பக்கத்தில் என்விடியா ஜிடி 650எம் என்ற தனி கிராஃபிக்ஸ் சிப் இருந்தும் சில கனமான இணையப் பக்கங்களை உருட்டும்போது தடுமாற்றம் தெரிந்ததை அப்போதைய மதிப்புரைகள் பதிவு செய்தன. நாலு பொத்தானுக்கு இடம் கூடட்டும் என்று பயனர் தேர்ந்தெடுத்த ஒரு விருப்பம், வரையும் வேலையை இவ்வளவு ஏற்றிவிடும் என்று பலரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பின் நடந்தது இன்னும் சுவையானது. 2016 மேக்புக் ப்ரோவில் ஆப்பிள் இயல்பு அமைப்பையே பின்னத்துக்கு மாற்றியது. 13 அங்குலத்தில் திரை 2560×1600, சரிபாதி 1280×800. ஆனால் பெட்டியைத் திறந்ததும் வருவது 1440×900. 2021-இல் வந்த 14 அங்குல மேக்புக் ப்ரோவில் திரையையே 3024×1964 ஆக்கினார்கள். அதன் இயல்பு 1512×982. மறுபடி சரியாக இரண்டு மடங்கு. 1440-ஐ விட இடமும் அதிகம், சுருக்கும் வேலையும் இல்லை. ரெசல்யூஷனை உயர்த்தி வேலையைக் குறைத்த அரிய சம்பவம் இது. "பிக்சல் கூடினால் வேகம் குறையும்" என்ற பொது வாக்கு எங்கே பொய்யாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

லினக்ஸில், ஜன்னல்களைத் திரையில் காட்டும் வேலண்ட் என்ற முறையில், க்னோம் முதலிய டெஸ்க்டாப் இடைமுகங்கள் வெகுநாள் மேக்கைப் போலவே இரு மடங்கு வரைந்து சுருக்கிக்கொண்டிருந்தன. 2022-இல் வேலண்டில் பின்ன ஸ்கேலிங்குக்கென்று தனி நெறிமுறை சேர்க்கப்பட்ட பிறகு, அதை ஏற்றுக்கொண்ட மென்பொருள்கள் சரியான அளவிலேயே வரைகின்றன.

சுருக்கமாக: மேக்கில் இயல்பு அல்லாத அளவைத் தேர்ந்தெடுப்பது வேலையைக் கூட்டக்கூடும். விண்டோஸில் 125-க்கும் 150-க்கும் இடையே வேகத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இராது. கண்ணுக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம்.

நொடிக்கு அறுபது முறை

நெய்த துணி அப்படியே இருக்கும். திரை அப்படி அல்ல. சாதாரண லேப்டாப்பில் அது நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். திரையில் ஒருமுறை காட்டப்படும் முழுப் படத்துக்கு ஃபிரேம் என்று பெயர். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமை முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. 120 ஹெர்ட்ஸில் 8.3. அதற்குள் வரைந்து முடியாவிட்டால் பழைய படமே இன்னொரு முறை காட்டப்படும். பக்கத்தை உருட்டும்போது நாம் 'ஜெர்க்' என்று உணர்வது இந்தத் தவறிய ஃபிரேமைத்தான்.

ஒவ்வொரு ஜன்னலும் தன் படத்தைத் தனியாக வரைந்து வைக்கும். அவற்றை அடுக்கி, நிழல் போட்டு, ஒரே படமாக்கும் மென்பொருளுக்கு கம்பாசிட்டர் என்று பெயர். இந்த வேலையில் கணக்குப் போடுவதைவிட நினைவகத்திலிருந்து எடுப்பதும் வைப்பதுமே அதிகம். ஒரு பிக்சலின் நிறத்துக்கு 4 பைட். ஆக ஒரு 4கே ஃபிரேம் 33 மெகாபைட். அதை வெறுமனே திரைக்கு அனுப்பவே நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிகாபைட் படிக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸ் என்றால் 4. ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸில் இது அரை ஜிகாபைட்தான். ஜன்னல்களின் படங்களைப் படிப்பது, ஒன்றுசேர்த்து எழுதுவது என்று வரும்போது இது இன்னும் பல மடங்காகும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. ஆனால் பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது பிராசசரோடு சேர்ந்த கிராஃபிக்ஸ். அது கணினியின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. இங்கே ஒரு விஷயம் மிக முக்கியம். டிடிஆர்4-3200 ரேம் ஒரே ஒரு அட்டையாக இருந்தால் அதன் உச்ச வேகம் நொடிக்கு 25.6 ஜிகாபைட். அதே அளவை இரண்டு அட்டைகளாகப் பிரித்துப் போட்டால் இரண்டு பாதைகள் திறக்கும், 51.2 ஜிகாபைட். பிராசசரும் கிராஃபிக்ஸும் அடித்துக்கொள்ளும் பாதை இது. அடர்த்தியான திரையும் ஒற்றை ரேம் அட்டையும் கொண்ட லேப்டாப்பில் வரும் திணறலுக்குத் திரைமேல் பழிபோடுவது நியாயமே இல்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. திரையில் ஒன்றும் மாறாதபோது பெரும்பாலும் ஒன்றும் வரையப்படுவதில்லை. கர்சர் மட்டும் சிமிட்டினால் கம்பாசிட்டர் அந்தச் சிறு பகுதியை மட்டும் புதுப்பிக்கும். பல லேப்டாப் திரைகளுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நினைவகமும் இருக்கிறது. படம் மாறாதவரை அதையே காட்டிக்கொண்டு, கிராஃபிக்ஸ் சிப்பைத் தூங்க விடும். ஆகவே 4கே-யில் ஒரு நீண்ட கட்டுரையை அசையாமல் வாசிப்பது கணினிக்குச் சுமையே இல்லை. உருட்டும்போதும், ஜன்னலை இழுக்கும்போதும், அசையும் விளம்பரம் ஓரத்தில் ஆடும்போதும்தான் சுமை.

உறைபனிக் கண்ணாடியின் விலை

மெனுவுக்குப் பின்னால் இருப்பது பனி படர்ந்த கண்ணாடி வழியே தெரிவதுபோல் மங்கித் தெரிகிறதே, அது அழகு. விண்டோஸில் 2017-இல் வந்த 'அக்ரிலிக்', மேக்கின் ஒளி ஊடுருவும் பட்டைகள், 2025-இல் ஆப்பிள் கொண்டுவந்த 'லிக்விட் கிளாஸ்' எல்லாம் இந்த வகை. இடைமுக அலங்காரங்களில் அடர்த்தியான திரையை அதிகம் சோதிப்பது இதுதான்.

ஒரு பிக்சலை மங்கலாக்க அதைச் சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரியை எடுக்க வேண்டும். அதாவது ஒன்றை எழுதப் பலவற்றைப் படிக்க வேண்டும். இப்போது திரை இரு மடங்கு அடர்த்தி ஆகிறது. எழுத வேண்டிய பிக்சல் நான்கு மடங்கு. மங்கல் கண்ணுக்கு அதே அளவில் தெரிய வேண்டும் என்றால் சுற்றுவட்டமும் இரு மடங்கு அகலமாக வேண்டும்; படிக்க வேண்டியவையும் நான்கு மடங்கு. நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு. யோசிக்காமல் எழுதப்பட்ட நிரலில் ஃபுல் எச்டியில் சுலபமாக ஓடிய ஒரு விளைவு 4கே-யில் பதினாறு மடங்கு வேலை கேட்கும்.

நல்ல நிரலாளர்கள் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். மங்கப்போகிற படத்துக்கு நுணுக்கம் எதற்கு? முதலில் அதைச் சின்னதாகச் சுருக்கி, அங்கே மங்கலாக்கி, பிறகு விரித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விண்டோஸ் 11-இல் வந்த 'மைக்கா' இன்னும் ஒரு படி மேலே போகிறது. பின்னால் உள்ள ஜன்னல்களை அது பார்ப்பதே இல்லை. பின்புலப் படத்தின் நிறத்தை ஒரே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு அதையே பயன்படுத்துகிறது. அக்ரிலிக் அப்படி இல்லை. பின்னால் வீடியோ ஓடினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மங்கலைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பேட்டரி சேமிப்பு முறை வந்ததும் விண்டோஸ் அக்ரிலிக்கைத் தானாகவே நிறுத்தி வெறும் நிறமாக்கிவிடுவது இதனால்தான். அழகையும் வேகத்தையும் ஒன்றாகக் காப்பாற்றலாம் என்பதற்கு மைக்காவைப் போன்ற வடிவமைப்புகள்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

விளையாட்டும் வீடியோவும்

விளையாட்டில் ஒரு பிக்சலின் நிறத்தை முடிவு செய்ய ஒளி, நிழல், பளபளப்பு என்று பெரிய கணக்கே நடக்கும். ஆகவே 'திரையின் முழு ரெசல்யூஷனில் விளையாடு' என்பது சாதாரண லேப்டாப்புக்கு ஏற்ற யோசனை அல்ல. ஆனால் இங்கும் மொத்தமாக ரெசல்யூஷனைக் குறைப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், 2021-இல் வந்த ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகியவை முப்பரிமாணக் காட்சியை மட்டும் சிறிய அளவில் வரைந்து, அதைப் பெரிதாக்குகின்றன. மேலே வரும் எண்கள், வரைபடம், வசன வரிகள் ஆகியவை திரையின் முழுக் கூர்மையில் தனியே வரையப்படுகின்றன. டிஎல்எஸ்எஸ்ஸின் 'பெர்ஃபாமன்ஸ்' அமைப்பில் 4கே காட்சி உண்மையில் 1920×1080-இல்தான் பிறக்கிறது. ஓடும் காட்சியில் கண் அதை மன்னித்துவிடும். எழுத்து மங்கினால் மன்னிக்காது.

4கே வீடியோவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வீடியோவைப் பிரித்துக் காட்டச் சிப்பிலேயே தனிப் பகுதி இருக்கிறது. அந்தப் பகுதிக்குத் தெரியாத வடிவில் வீடியோ வந்தால் மட்டும் வேலை பிராசசரிடம் போய், விசிறி கத்தத் தொடங்கும்.

பேட்டரி

எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் கம்பியும் டிரான்சிஸ்டரும் வேண்டும். பிக்சல் நெருங்க நெருங்க ஒளி வெளியே வரும் இடைவெளி குறையும். அதே வெளிச்சத்துக்குப் பின்னாலுள்ள விளக்கு அதிகம் எரிய வேண்டும். 2012-இல் மூன்றாம் ஐபேட் பிக்சலை நான்கு மடங்காக்கியபோது ஆப்பிள் பேட்டரியை 25 வாட்-மணியிலிருந்து 42.5-க்கு உயர்த்தியது. அப்படியும் சொன்ன நேரம் பழைய 10 மணிதான். பிக்சல்கள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரையில் கதை வேறு. அங்கே எத்தனை பிக்சல் எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதே செலவைத் தீர்மானிக்கும், அதனால் இருண்ட பின்னணி உண்மையாகவே உதவும்.

எதை முதலில் குறைப்பது?

ரெசல்யூஷனில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நீங்கள் பணம் கொடுத்தது அதற்குத்தான்.

முதலில் பிரவுசரைப் பாருங்கள். குரோம் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கோளாறுக்காக யாரோ சொல்லி அதை எப்போதோ அணைத்துவிட்டு மறந்துபோயிருப்பார்கள். அது அணைந்திருந்தால் எல்லாப் பிக்சலையும் பிராசசர் தன் கையால் வரைய வேண்டும். பழைய திரையில் சமாளித்த பிராசசர் 83 லட்சம் பிக்சலில் சமாளிக்காது. கிராஃபிக்ஸ் டிரைவர் பழையதாக இருந்தாலும் இதே நிலை வரலாம்.

அடுத்தது ஊடுருவும் கண்ணாடி விளைவுகள். விண்டோஸ் 11-இல் 'அக்சஸிபிலிட்டி', 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' பகுதியில் டிரான்ஸ்பரன்சியை அணைக்கலாம். மேக்கில் 'அக்சஸிபிலிட்டி', 'டிஸ்ப்ளே' பகுதியில் இதற்கு இணையான தேர்வு இருக்கிறது. எழுத்தின் கூர்மை துளியும் குறையாது. அசைவூட்டங்களையும் சேர்த்து அணைக்க வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். எனக்கு அவை பிடிக்கும். ஒரு ஜன்னல் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கண்ணுக்குச் சொல்வதால் நான் அவற்றை விட்டுவைப்பேன்.

மேக்கில் பின்ன அளவில் இருந்தால் சரிபாதி அளவுக்கு மாற்றிச் சில நாள் பழகிப் பாருங்கள். 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் பேட்டரியில் இருக்கும்போது 60-க்கு இறக்கலாம். புதுப்பிக்கும் வேலை பாதியாகும். இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒரு கனமான மென்பொருள் மட்டும் திணறினால், அதற்குள்ளேயே காட்சித் தரத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றில் அது உண்டு.

ரேமைப் பார்ப்பதும் இரண்டு நிமிட வேலைதான். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபாமன்ஸ்', 'மெமரி' என்று போனால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று காலியாக இருந்தால், ஏற்கெனவே உள்ள அட்டையின் அளவுக்கும் வேகத்துக்கும் பொருந்தும் இன்னொன்றைப் போடுங்கள். ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட மாடல்களில் இந்த வழி கிடையாது. அவற்றை வாங்கும்போதே ரேம் இரண்டு பாதைகளில் இயங்குகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.